கொல்லிமலைக்கு ஏறி வந்த இலக்கணம்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் வில் இன்று எங்கும் இல்லை. அவன் ஏறிய குதிரையும் இல்லை, அரண்மனையும் இல்லை. ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்த கதையைப் புறநானூற்றில் வன்பரணர் பாடிவைத்தார். பிறகு மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். ஆனாலும் ஆண்டுதோறும் ஆடி மாதம் கொல்லிமலையில் உள்ள செம்மேட்டில் ஓரிக்கு விழா எடுக்கிறோம். கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று சொல்லி அவன் கொடையைக் கொண்டாடுகிறோம். வில், அம்பு, யானை, உடும்பு எல்லாம் பொருளின் பெயர்கள். கொடை என்பது ஒருவன் செய்ததன் பெயர். கொடுத்தவன் போய்ச் சேர்ந்து இரண்டாயிரம் ஆண்டு ஆகியும் கொடுத்ததைப் பற்றிப் பேச முடிகிறதென்றால், அந்தச் செயலை ஆளிடமிருந்து பிரித்தெடுத்துத் தனியே ஒரு பெயர் வைத்ததால்தான்.

இத்தகைய பெயர்களை ஆங்கில இலக்கணத்தில் ‘அப்ஸ்ட்ராக்ட் நவுன்’ என்கிறார்கள். கொல்லிமலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியொன்றில் நான் ஆங்கிலம் நடத்தினேன். ஒவ்வொரு ஆண்டும் இந்தப் பாடம் வரும். “கண்ணால் பார்க்க முடியாதது, கையால் தொட முடியாதது” என்ற வரியைப் பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். கேள்வித்தாளில் ஐந்து சொற்கள் இருக்கும், அதில் ஒன்றை வட்டமிட வேண்டும். அந்த வரி எங்கிருந்து வந்தது, மலைக்கு எப்படி ஏறியது, அதற்கு முன்பே இந்த மலையில் என்ன இலக்கணம் இருந்தது என்று தேடிப் படித்தேன். படித்தவரையில் எனக்குத் தெளிவானது இதுதான்: இந்தப் பாடத்தின் சாரம் தமிழ் பேசும் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொட்டுக் காட்டிவிட்டால் ஆங்கிலம் பின்னாலேயே வந்துவிடும்.

முதலில் மலையைப் பற்றி. நாமக்கல் மாவட்டத்தில், ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில், வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு என்று 14 நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் மேட்டுநிலம் இது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு வரும். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள், மலைக்காரர்கள் என்ற பொருளில் வந்த பெயர். தாங்கள் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. பேசுவது தமிழ். இது முக்கியமான செய்தி. இந்திய மலைகளில் பல பழங்குடிப் பிள்ளைகளுக்கு வீட்டுமொழி ஒன்று, பள்ளிமொழி ஒன்று. கொல்லிமலைப் பிள்ளைக்குத் தமிழ் இலக்கண நூலான நன்னூலின் மொழியே வீட்டுமொழி.

வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. பக்கத்திலேதான் ஆகாயகங்கை அருவி விழுகிறது. இந்தக் கோயில் இறைவனை விளித்து அம்பலவாணக் கவிராயர் ‘அறப்பளீசுர சதகம்’ பாடினார். நல்ல மனைவி யார், நன்மக்கள் யார், எது பெருமை, எது சிறுமை, எது நன்றி என்று பாட்டுக்குப் பாட்டு வாழ்க்கையை வகுத்துச் சொல்லும் நூல் அது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த நூல்களில் இதுவும் ஒன்று. பெருமை, பொறுமை, வறுமை, வாய்மை போன்ற சொற்களை அன்றைய பிள்ளைகள் பட்டியலாகப் படிக்கவில்லை. மனிதர்களோடும் நடத்தையோடும் சேர்த்துப் பாட்டாகக் கேட்டு உள்வாங்கிக்கொண்டார்கள்.

இத்தகைய சொற்களுக்கு இலக்கணம் வகுத்த நூல் நன்னூல். மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன் சீயகங்கன் கேட்டுக்கொள்ள, பவணந்தி என்ற சமண முனிவர் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றியது. பெயர்ச்சொற்களை அது ஆறாகப் பிரிக்கிறது: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். மலையிலேயே ஆறுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. மிளகு பொருட்பெயர், செம்மேடு இடப்பெயர், ஆடி காலப்பெயர், இலை சினைப்பெயர், காரம் குணப்பெயர் அல்லது பண்புப்பெயர், பறித்தல் தொழிற்பெயர். இவற்றில் கடைசி இரண்டும் சேர்ந்ததுதான், ஏறக்குறைய, ஆங்கிலத்தின் அப்ஸ்ட்ராக்ட் நவுன்.

நன்னூல் பதவியலில் 135-ஆம் நூற்பா ‘மை’ விகுதி கொண்ட 11 பண்புப் பெயர்களை அடுக்கி, அவற்றின் எதிர்ச்சொற்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. அடுத்த நூற்பா, அந்தப் பண்புப் பெயர் இன்னொரு சொல்லோடு சேரும்போது என்னவெல்லாம் ஆகும் என்று விளக்குகிறது. ஈறு கெடும், முதல் எழுத்து நீளும், நடுவில் எழுத்து மாறும், மெய் இரட்டிக்கும். செம்மேடு என்ற ஊர்ப்பெயரை இந்த விதிப்படி பிரித்துக் கரும்பலகையில் எழுதுவேன். செம்மை + மேடு. ‘மை’ உதிர்ந்து செம்மேடு. பேருந்துப் பலகையில் தினம் பார்க்கும் பெயருக்குள் ஒரு பண்பு ஒளிந்திருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே மற்ற ஊர்களைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆங்கிலப் பாடம் வந்த வழி வேறு. 1790-களில் சேலம், பாரமகால் பகுதியில் நில அளவையும் வரிவசூலும் செய்த தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரானார். 1822-இல் அவர் ஒவ்வொரு மாவட்டக் கலெக்டரிடமும் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கணக்குக் கேட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று தொகை கண்டார். திண்ணைப் பள்ளிகள் அப்போது உயிரோடு இருந்தன. 1835-இல் மெக்காலேயின் குறிப்பு வந்தது. 1854-இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம். அரசு வேலைக்கு ஆங்கிலம், ஆங்கிலத்துக்குத் தேர்வு, தேர்வுக்கு இலக்கணம் என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன.

லிண்ட்லி மர்ரே 1795-இல் யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக எழுதிய ஆங்கில இலக்கணம் உலகெங்கும் போன நூல். நம் நாட்டில் வேரூன்றியவை இந்தியாவை அறிந்தவர்கள் எழுதியவை. ஜே. சி. நெஸ்ஃபீல்டு வடமேற்கு மாகாணங்களிலும் அவத்திலும் கல்வித்துறை இயக்குநராக இருந்தவர். 1890-களில் வெளிவந்த அவருடைய நூல்கள் நெடுங்காலம் இந்தியப் பள்ளிகளில் புழங்கின. பெயரை ஐந்தாக வகுக்கும் பழக்கம், அதாவது பிராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட் என்ற வரிசை, அவர் வழியாகவே நம் வகுப்பறைகளில் நிலைபெற்றது. 1930-களில் பம்பாயிலிருந்து ரென்–மார்ட்டின் இலக்கணம் வந்தது. பி. சி. ரென் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் பணியாற்றியவர், ‘போ கெஸ்ட்’ என்ற புகழ்பெற்ற நாவலை எழுதியவரும் அவரே. அந்தத் தடித்த புத்தகம் இல்லாத ஆங்கில ஆசிரியர் வீட்டை நான் பார்த்ததில்லை.

நெஸ்ஃபீல்டும் சரி, ரென்னும் மார்ட்டினும் சரி, அப்ஸ்ட்ராக்ட் நவுனுக்குச் சொன்ன விளக்கம் ஆழமானது. ஒரு பண்பையோ செயலையோ நிலையையோ, அது தங்கியிருக்கும் பொருளிலிருந்து பிரித்துத் தனியே எண்ணும்போது அதற்கு இடும் பெயர் என்பது அதன் சாரம். ஐரோப்பாவின் இடைக்கால லத்தீன் அறிஞர்கள் ‘வெண்மை’ வேறு, ‘வெண்மையான பொருள்’ வேறு என்று ஆராய்ந்த மரபின் தொடர்ச்சி அது. நம்முடைய உரையாசிரியர்கள் இதையே பண்பு, பண்பி என்றும் குணம், குணி என்றும் பிரித்தார்கள். காரம் பண்பு, மிளகு பண்பி. இரண்டு மரபும் ஒரே இடத்தில் கைகுலுக்கியிருக்கலாம். வகுப்பறையில் அது நடக்கவில்லை. ‘பொருளிலிருந்து பிரித்து’ என்ற பகுதி கைவிடப்பட்டு, பார்க்க முடியாதது, தொட முடியாதது என்ற பகுதி மட்டும் மனப்பாடத்துக்கு மிஞ்சியது.

இதற்கிடையே ஆங்கிலேயர் இருவர் இந்த மலையிலேயே வந்து குடியேறியிருந்தார்கள். லண்டனிலிருந்து பாப்டிஸ்ட் மிஷன் ஊழியராக வந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும். 1913-இல் மணம் முடித்த கையோடு மலையேறினார்கள். அப்போது பேருந்துச் சாலை கிடையாது. அடிவாரத்திலிருந்து காட்டுத்தடத்தில் நடக்க வேண்டும், முடியாதவர்களை டோலியில் தூக்க வேண்டும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் ஏறத் தயங்கிய காலம். ஜெஸ்ஸி வீடு கட்டினார், பள்ளிக்கூடம் நடத்தினார், தச்சு கற்றுக்கொடுத்தார், நோய்க்கு மருந்து கொடுத்தார். நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி அவர் வெளியே எடுப்பதைச் சிறுவயதில் பார்த்ததாக அவர் மகன் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1929-இல் கருநீர்க் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. ஈவ்லின் பின்னர் இந்தியாவுக்குத் திரும்பி, முதுமையிலும் மலை மலையாக ஏறி ஊழியம் செய்து, 1974-இல் மறைந்தார்.

மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தவர். ஒன்பது வயதுவரை மலையாளிப் பிள்ளைகளோடு ஓடியாடித் தமிழ் பேசி வளர்ந்தார். தாய்தான் ஆசிரியை. பெரியவரானபின் ‘ஒரு கைப்பிடிச் சேறு’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரும் நிகழ்ச்சி இது. மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த நெல்வயல். பால் உட்படச் சிறுவர்கள் இறங்கித் தவளை பிடிக்கிறார்கள். யார் அதிகம் பிடிப்பது என்று போட்டி. வயலைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா கம்பூன்றி வருகிறார். சிறுவர்கள் கலக்கிய வயலிலிருந்து வரப்பு மடை வழியே கலங்கல் நீர் கீழ்வயலுக்கு வழிகிறது. தாத்தா குனிந்து ஒரு கை சேற்றை அள்ளுகிறார். இது என்ன என்று கேட்கிறார். சேறு என்கிறான் ஒரு பையன். யாருடைய சேறு என்று கேட்டுவிட்டு, அந்தச் சேறு பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் சோறு போடப்போவது, தண்ணீரோடு கீழே போனால் மேலே திரும்பி வராது என்று விளக்குகிறார். தெளிந்த தண்ணீர் போனால் கவலையில்லை, கலங்கிப் போவது உயிர் போவதுபோல என்பது அவர் சொன்னதன் சாரம். பின்னாளில் பால் பிராண்ட் மலைக்கு மீண்டும் வந்தபோது காடு அழிந்து, அந்த வயல் இருந்த சரிவில் மண் அரித்துப்போய்க் கிடந்ததைப் பார்த்து வருந்தி எழுதினார்.

பொறுப்பு, உரிமை, இழப்பு. மூன்று பெயர்களையும் அந்தத் தாத்தா உச்சரிக்கவே இல்லை. கையில் சேற்றை வைத்துக்கொண்டு மூன்றையும் கற்பித்துவிட்டார். சிறுவனாக இருந்த பால் அதை ஆயுசுக்கும் மறக்கவில்லை. ஆசிரியையாக எனக்கு இதைவிடப் பெரிய பாடம் எதுவும் கிடைத்ததில்லை.

பால் பிராண்டின் வாழ்நாள் உழைப்பே ஒரு அப்ஸ்ட்ராக்ட் நவுனைச் சுற்றித்தான் அமைந்தது: வலி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்த அவர், 1940-களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் நசுங்கியும் தேய்கிறது என்று கவனித்து நிறுவியவர்களில் முதன்மையானவர் அவர். பிறகு அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபின், அவரும் அவர் குழுவினரும் உணர்விழந்த கைகளுக்குக் கருவி மூலம் செயற்கையாக வலியுணர்வு உண்டாக்கப் பார்த்தார்கள். அந்த முயற்சி வெற்றி பெறவில்லை. எச்சரிக்கை ஒலியைக் கேட்டும் நோயாளிகள் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடர்ந்தார்கள். உடம்பை விட்டுப் பிரித்துவைத்தால் வலி வலியாக இருப்பதில்லை. சொல்லில் மட்டுமே அதைப் பிரித்தெடுக்க முடியும். 1993-இல் ஃபிலிப் யான்சியோடு சேர்ந்து வலியைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அதில் வலியை ஒரு கொடை என்றார்.

இனி என் வகுப்புக்கு வருகிறேன். “பார்க்க முடியாதது, தொட முடியாதது” என்று ஒரு நாள் ஒப்பித்து முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். “கொல்லிப்பாவையை யாருமே பாத்ததில்லையே டீச்சர். அப்ப அவங்க அப்ஸ்ட்ராக்ட் நவுனா?”

கொல்லிப்பாவை இந்த மலையைக் காக்கும் தெய்வம். பாவையைப் பற்றிச் சங்க இலக்கியத்திலிருந்தே பேச்சு உண்டு; சிரித்து மயக்கி உயிர் வாங்குவாள் என்பது வழிவழிக் கதை. ஒப்பிக்கும் வரியின்படி பார்த்தால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. காற்றை யாரும் பார்த்ததில்லை, அணுவைத் தொட்டதில்லை. அவை அப்ஸ்ட்ராக்ட் நவுன் ஆகிவிடுமா?

“நல்லாக் கேட்ட கண்ணு. பாவை சிரிப்பாங்கன்னு சொல்றமே, பாவை இல்லேன்னா அந்தச் சிரிப்பு இருக்குமா?”

“இருக்காது டீச்சர்.”

“ஓரியோட வில்லு? ஓரி செத்ததும் வில்லும் கூடவே மறைஞ்சு போச்சா?”

“இல்ல. வில்லு அங்கயே கிடக்கும்.”

அவ்வளவுதான் இலக்கணம். வில் தனியே நிற்கும், சிரிப்பு தனியே நிற்காது. பாவை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒருத்தி. சிரிப்பு ஒருத்தியினுடையது. எது இன்னொன்றில் தங்கித்தான் இருக்க முடியுமோ, எதை நாம் சொல்லில் மட்டுமே பிரித்தெடுக்கிறோமோ, அதன் பெயர் அப்ஸ்ட்ராக்ட் நவுன். நெஸ்ஃபீல்டு சொன்னதும் இதுதான், நம் உரையாசிரியர்கள் சொன்னதும் இதுதான்.

அடுத்த படி, சொல் பிறந்த விதம். தமிழில் தொழிற்பெயர் மூன்று விதமாகப் பிறக்கிறது. விகுதி சேரும்: நட – நடத்தல், முயல் – முயற்சி, வாழ் – வாழ்க்கை. விகுதியே சேராமல் வேர்ச்சொல் அப்படியே பெயராக நிற்கும்: அடி, உதை. வேர்ச்சொல்லின் முதலெழுத்து நீண்டு பெயராகும்: கெடு – கேடு, சுடு – சூடு, படு – பாடு. ஆங்கிலத்திலும் இந்த மூன்று வழியும் உண்டு. விகுதி சேர்வது: கைண்ட் – கைண்ட்னெஸ், ஃப்ரெண்ட் – ஃப்ரெண்ட்ஷிப், சைல்ட் – சைல்ட்ஹுட், ஃப்ரீ – ஃப்ரீடம். அப்படியே நிற்பது: லவ், ஹோப், ஸ்லீப். உள்ளே ஒலி மாறுவது: செல் – சேல், சிங் – சாங், லிவ் – லைஃப். பிள்ளைகளை இரண்டு பத்தி போட்டு எழுதச் சொல்வேன். கேடு, சூடு, பாடு தமிழ்ப் பக்கம். சேல், சாங், லைஃப் ஆங்கிலப் பக்கம். அன்றோடு ஆங்கிலம் அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றுவது நின்றுவிடும்.

விகுதிகளுக்கும் வரலாறு உண்டு. நெஸ், ஷிப், ஹுட், டம் ஆகியவை ஆங்கிலத்தின் பழைய வீட்டுச் சொத்து. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு வழியாகவும் லத்தீன் வழியாகவும் ஷன், மென்ட், இட்டி என்று முடியும் சொற்கள் குவிந்தன. ஆக்ஷன், மூவ்மென்ட், எபிலிட்டி. தமிழில் அன்பும் பொறுமையும் நம் வேரிலிருந்து வந்தவை, தியாகமும் கருணையும் வடமொழி வழி வந்தவை. மொழிக்கு மொழி இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது என்று சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

கடைசியாக, எல்லாரும் தடுமாறும் இடம். “பலாச்சுளையின் இனிப்பு நாக்கில் நிற்கிறது” என்னும்போது இனிப்பு பண்பின் பெயர். “சந்தையில் இனிப்பு வாங்கினேன்” என்னும்போது அது தட்டில் இருக்கும் பண்டம். வற்றல், பொரியல், அவியல் எல்லாம் தொழிற்பெயர்கள், சோற்றோடு பிசைந்து சாப்பிடுகிறோம். இவற்றைப் பண்பாகுபெயர், தொழிலாகுபெயர் என்று தமிழ் இலக்கணம் பெயரிட்டுத் தனியே வகுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் பெயின்டிங் என்றால் வரைதலும் ஆகும், சுவரில் மாட்டிய படமும் ஆகும். யூத் என்றால் இளமையும் ஆகும், இளைஞனும் ஆகும். ஆகவே தனிச்சொல்லைக் கொடுத்து ‘இது அப்ஸ்ட்ராக்ட் நவுனா?’ என்று கேட்பதே அரைகுறைக் கேள்வி. வாக்கியத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். ஆகுபெயரை ஏற்கெனவே தமிழ் வகுப்பில் படித்த பிள்ளை இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. பக்கத்து வகுப்பறையில் தமிழாசிரியர் நடத்தியதை ஆங்கில ஆசிரியர் அறிந்திருந்தால் போதும்.

அந்த ஒன்றைத்தான் நான் கேட்கிறேன். தமிழ் இலக்கணமும் ஆங்கில இலக்கணமும் ஒரே பள்ளியில், ஒரே பிள்ளைக்கு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடத்தப்படுகின்றன. பாடநூல் எழுதுபவர்கள் பெயர்ச்சொல் அலகில் பண்புப்பெயரையும் தொழிற்பெயரையும் அப்ஸ்ட்ராக்ட் நவுனையும் பக்கம் பக்கமாக வைக்கட்டும். ‘பார்க்க முடியாதது’ என்ற வரியை நீக்கிவிட்டு, ‘எதில் தங்கியிருக்கிறது?’ என்ற கேள்வியைச் சேர்க்கட்டும். வட்டமிடச் சொல்லும் கேள்விக்குப் பதிலாக, ஒரே சொல்லை இரு பொருளில் வைத்து இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லட்டும். ஆசிரியர் பயிற்சியில் தமிழாசிரியரையும் ஆங்கில ஆசிரியரையும் ஒரே அறையில் உட்காரவைக்கட்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. பண்பையும் செயலையும் பிரித்தெடுத்துப் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் நீதி, உரிமை, கூலி உயர்வு, நில இழப்பு என்று தன் ஊர் வழக்கைத் தானே எழுத வரும். மனு எழுத ஆள் தேடி மலையிறங்குபவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த இலக்கணம் உடனே வேண்டும்.